மேலூருக்கு ஏறாத தண்ணீர்

ஓய்வு பெற்றவனை அலுவலக வாட்ஸ்அப் குழுவில் வைத்திருப்பது, கல்யாண மண்டபத்து வாசலில் பெரியவர் ஒருவரை நாற்காலி போட்டு உட்கார வைப்பது மாதிரி. எல்லோரும் வணக்கம் வைப்பார்கள். யாரும் வேலை சொல்ல மாட்டார்கள். நான் கள்ளக்குறிச்சிக்காரன். பெயர் அப்துல் கரீம். குடிநீர்த் திட்டத்தில் பம்பு ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். வேலையில் மேலிருந்து கீழ்வரை எல்லோருக்கும் கரீம் பாய்.

சமீபத்தில் அந்தக் குழுவில் ஓர் இளம் பொறியாளர் புதிய பேனல் போர்டின் படத்தைப் போட்டு, "பாய், இதுல ரிலே இருக்கு. ஃபேஸ் மாறினா மோட்டார் ஸ்டார்ட்டே ஆகாது. உங்க மேலூர் கதைய இனிமே மூட்டை கட்டிடலாம்" என்று எழுதினார். கூடவே வரிசையாகச் சிரிக்கும் பொம்மைகள். கீழே இன்னொருவர், "அது என்ன கதை?" என்று கேட்டிருந்தார். அவருக்குக் கீழே வேறொருவர், "எனக்கும் தெரியாது" என்றார். யாருக்கும் தெரியாத கதையை மூட்டை கட்டச் சொல்வது எந்த ஊர் நியாயம்? அதனால் எழுதிவிடுகிறேன்.

நான் இந்த வேலைக்கு வந்ததில் எங்கள் அத்தாவுக்குச் சந்தோஷமில்லை. கடைவீதியில் எங்களுக்குத் துணிக்கடை. "ஃபேனுக்குக் கீழ உக்காந்து துணி கிழிச்சுக் குடுடான்னா, கெணத்துல எறங்கி கிரீஸப் பூசிக்கினு வர்றான்" என்று வருகிற வாடிக்கையாளர்களிடமெல்லாம் முறையிடுவார். ஐ.டி.ஐ. படித்தேன், சில வருடம் ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தேன், பிறகு எனக்கே ஸ்பேனர் வந்தது. பயிற்சிக் காலத்தைப் பற்றி அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. உண்மையில் எனக்குப் பயிற்சி தொடங்கியது சுகந்தி மேடம் எங்களுக்கு உதவிப் பொறியாளராக வந்த பிறகுதான்.

மேடம் யாரையும் ஒருமையில் பேச மாட்டார். அதில் வியப்பில்லை. ஆனால் அவர் மோட்டாரையும் ஒருமையில் பேச மாட்டார். "ஐயாவுக்கு உடம்பு கொஞ்சம் சூடா இருக்கு போல, என்னன்னு கேளுங்க பாய்" என்பார். வால்வு இறுகிப்போயிருந்தால், "கோவமா இருக்காங்க, அவசரப்படாதீங்க" என்பார். முதல் வாரம் எனக்குச் சிரிப்பை அடக்குவதே வேலையாக இருந்தது. மறு மாதம் நானே ஒரு கேட் வால்வைப் பார்த்து, "வாங்க, கொஞ்சம் திரும்புங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

அவருக்கென்று ஒரு முறை உண்டு. பம்ப் அறைக்குள் நுழைந்ததும் இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொள்வார். சும்மா பார்ப்பார். பார்த்து முடித்தபின் நீளமான ஸ்க்ரூ டிரைவரின் நுனியைப் பேரிங் மேல் வைத்து, பிடியைக் காதில் வைத்துக் கேட்பார். அப்புறம் புறங்கையால் தொடுவார். உள்ளங்கையால் தொட மாட்டார். ஷாக் அடித்தால் உள்ளங்கை பிடித்துக்கொள்ளும், புறங்கை உதறிக்கொள்ளும் என்பார். இத்தனையும் முடிந்த பிறகே ஸ்பேனர். எங்களில் யாராவது வந்ததும் வராததுமாக போல்ட்டில் ஸ்பேனரை மாட்டினால், திட்ட மாட்டார். "டாக்டர்கிட்ட போனா, வாயைத் திறக்கறதுக்கு முன்னாடியே வயித்தைக் கிழிப்பாரா?" என்று மட்டும் கேட்பார்.

அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி: "மோட்டார் தலைகீழா சுத்தினா தண்ணி என்னாகும் பாய்?"

"கெணத்துக்கே திரும்பிப் போயிடும் மேடம்" என்றேன். சந்தேகமே இல்லாமல் சொன்னேன்.

தப்பு என்று அவர் சொல்லவில்லை. "அப்படியா? பாத்துட்டு வந்துடலாமே" என்று ஜீப்பில் ஏற்றிக்கொண்டார். கச்சிராயபாளையம் பக்கத்துப் பம்ப் அறையில் கரண்டை நிறுத்தி, மோட்டாருக்குப் போகும் மூன்று ஒயர்களில் இரண்டை இடம் மாற்றி மாட்டச் சொன்னார். அப்படி மாற்றினாலே மோட்டார் தலைகீழாகச் சுற்றும். ஸ்டார்ட்டரை அழுத்தினேன். தண்ணீர் கிணற்றுக்குப் போகவில்லை. வழக்கம்போல மேலேதான் வந்தது. கொஞ்சம் சோம்பலாக வந்தது, அவ்வளவுதான்.

"நனைஞ்ச நாய் ஒடம்பை உதறுதே, இடப்பக்கம் உதறினாலும் வலப்பக்கம் உதறினாலும் தண்ணி வெளியதான தெறிக்கும்?" என்றார் மேடம். "உள்ள இருக்கற சக்கரமும் அதேதான். எப்படிச் சுத்தினாலும் தண்ணிய ஓரத்துக்குத்தான் தள்ளும். ஆனா அதோட இதழெல்லாம் ஒரு பக்கமா வளைஞ்சிருக்கு. சரியா சுத்தினா தண்ணி வழுக்கிக்கிட்டுப் போகும். மாறிச் சுத்தினா முட்டி மோதி பாதி பலம் உள்ளயே வீணாப் போயிடும். தண்ணி வருதேன்னு நாம ஏமாந்துடுவோம்."

அப்படி ஏமாந்தவர்களை அதற்குப் பிறகு நிறையப் பார்த்தேன். ஒரு கரும்பு விவசாயி, மோட்டார் மாட்டிய நாளிலிருந்து தலைகீழாகவே ஓட்டிக்கொண்டிருந்தார். மேடம் சொல்லி நான் ஒயரை மாற்றிக் கொடுத்தேன். தண்ணீர் பாய்ந்து வந்த வேகத்தில் வாய்க்கால் கரை கரைந்தது. மனிதர் மண்வெட்டியோடு அலறினார். "ஐயோ, இன்னா பாய் பண்ண? வாய்க்கா பிச்சிக்கினு போவுது! பழையபடியே மாத்திக் குட்த்துடு!"

இனி மேலூர். நிஜப் பெயரை எழுதினால் இரண்டு ஊர்க்காரர்களும் என்மேல் வருத்தப்படுவார்கள். கல்வராயன் மலையின் அடிவாரத்தில் இருப்பது கீழூர், சரிவில் மேலே ஏறினால் இருப்பது மேலூர் என்று வைத்துக்கொள்வோம். இரண்டுக்கும் ஒரே பம்பு. அடிவாரத்துக் கிணற்றிலிருந்து முதலில் கீழூர்த் தொட்டியை நிரப்புவார்கள். பிறகு அந்த வால்வை மூடிவிட்டு மேலூர் வால்வைத் திறப்பார்கள். பம்பு ஓட்டுபவர் ஏழுமலை. கீழூர்க்காரர். அவர் மகன் குமார், டிராக்டரில் மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குக் கரும்பு ஏற்றிக்கொண்டு போகிறவன். மேலூரில் கோவிந்தன் என்று ஒரு விவசாயி. அவர் மகள் செல்வியைக் குமாருக்குப் பேசி, பாக்கு வெற்றிலையும் மாற்றியாகிவிட்டது. இந்தச் சமயத்தில்தான் மேலூருக்குத் தண்ணீர் நின்றது.

தண்ணீர் நின்றது சரி. மோட்டார் நிற்கவில்லை. அதுதான் வினை. ஏழுமலை வால்வைத் திறந்துவிட்டு நேரம் தவறாமல் மோட்டாரை ஓட்டினார். கோவிந்தன் மலையிலிருந்து இறங்கி வந்து பம்ப் அறை வாசலில் நின்று பார்த்தார். மோட்டார் ஓடுகிறது, கீழூர்க் குழாயில் தண்ணீர் வருகிறது, மேலூரில் காற்றுக்கூட வரவில்லை. மேலூர்ப் பெண்கள் குடத்தோடு கீழூருக்கு இறங்கினார்கள். கீழூர்ப் பெண்கள் முதல் இரண்டு நாள் மரியாதையாகத் தண்ணீர் பிடிக்க விட்டார்கள். அதன் பிறகு குடங்கள் உருண்டன. ஒரு பெண்மணிக்கு நெற்றி உடைந்து தையல் போட வேண்டி வந்தது.

நானும் மேடமும் போய் இறங்கியபோது பம்ப் அறை வாசலில் இரண்டு ஊரும் நின்றது.

"மோட்டார் ஓடுது. எங்க ஊருக்குத் தண்ணி ஏறல. அப்ப அந்தத் தண்ணி எங்க போவுது? நீயே சொல்லு மேடம்" என்றார் கோவிந்தன். பிறகு ஏழுமலையைக் காட்டி, "எங்க தண்ணியும் இவுங்களுக்கு வேணும், எங்க பொண்ணும் இவுங்களுக்கு வேணும். ரெண்டும் குடுக்க நான் இன்னா ஏமாந்தவனா? பொண்ணு இல்ல, போய்யா" என்றார்.

ஏழுமலைக்குக் கண்கள் கலங்கியிருந்தன. பம்ப் அறையைக் கோயில் மாதிரி வைத்திருப்பவர் அவர். நாங்கள் வருகிறோம் என்று தெரிந்து, பம்புக்கும் மோட்டாருக்கும் ஒரு இடம் விடாமல் பச்சைப் பெயின்ட் அடித்து வைத்திருந்தார். கிளி மாதிரி இருந்தது. "ஒரு ஒயரக்கூட யாரும் தொடலைங்க மேடம். என் புள்ள மேல சத்தியம்" என்று மட்டும் சொன்னார். அது முழு உண்மை என்பது பிற்பாடு தெரிந்தது. அந்த உண்மைதான் எங்களையும் சுற்றலில் விட்டது.

மேடம் வழக்கம்போலக் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்தார். கிணற்றில் தண்ணீர் இருந்தது. ஓடும் மோட்டாரின் சத்தத்தில் குறையில்லை. பிரஷர் மீட்டரின் முள் செத்துப் பல வருடமாகியிருந்தது. மேலூர் வால்வு திறந்திருக்கும்போது பம்பைப் புறங்கையால் தொட்டுப் பார்த்தார். "இவங்க வேலையே செய்யாம வேர்த்துப் போயிருக்காங்க பாய்" என்றார்.

பிறகு குழாயோடு மலை ஏறினோம். கோவிந்தன் முன்னால் போனார். ஒவ்வொரு புதராக விலக்கி, "இங்க தோண்டு பாய், இங்கதான் திருட்டுக் கனெக்சன் வெச்சிருப்பான்" என்றார். தோண்டித் தோண்டி எனக்கு இடுப்பு விட்டுப்போனது. ஒரு கசிவுகூட இல்லை. சரிவில் பாதி தூரத்தில் ஒரு காற்று வால்வைத் திறந்தோம். தண்ணீர் இருந்தது. அதற்கு மேலே இருந்த வால்வைத் திறந்தோம். காற்றுதான் சீறியது. அதாவது தண்ணீர் பாதி மலை ஏறி, அதற்கு மேல் தெம்பில்லாமல் குழாய்க்குள்ளேயே நின்றிருந்தது.

இறங்கி வந்ததும் மேடம் ஏழுமலையிடம் கேட்டார். "உங்க கீழூர்த் தொட்டி எப்பவும் நிரம்பற நேரத்துக்கு நிரம்புதாங்க?"

"எங்கங்க மேடம்! அதுவும் லேட்டாதான் ரொம்புது. சொன்னா இவுரு நம்புவாரா?"

மேடம் கோவிந்தன் பக்கம் திரும்பினார். "பாத்தீங்களா, கீழூருக்கும் கம்மியாத்தான் வருது. திருடினவங்க வீட்டுலயே பஞ்சம் இருக்குமாங்க?"

கோவிந்தன் யோசித்தார். "திருடத் தெரியாதவனா இருப்பான்" என்றார்.

குற்றம் பம்பில்தான் என்று ஆனது. உள்ளே சக்கரம் தேய்ந்திருக்கும் என்று முடிவு செய்து, மறுநாள் புதுச் சக்கரத்தோடு வந்தோம். பம்பைப் பிரித்தேன். பழைய சக்கரம் தேயாமல் நன்றாகவே இருந்தது. மனசு கேட்காமல் புதியதையே மாட்டினேன். ஓட்டினோம். அதே பாதி மலை. கோவிந்தன் இதையெல்லாம் வாசலில் குந்தியபடி பார்த்துக்கொண்டிருந்தார். "இன்னா பாய், புதுசும் கீழூர்க் கட்சியா?" என்றார்.

மேடம் வெளியே வந்து நின்றார். அப்படி அவர் பேச்சற்றுப் போய் நான் பார்த்ததில்லை. பின்னால் ஏழுமலை யாரிடமோ, "எனக்கு வேல போனாப் போவுதுங்க, புள்ளைக்குக் கல்யாணம் போச்சே" என்று சொல்லிக்கொண்டிருந்தது எங்கள் இருவர் காதிலும் விழுந்தது.

பம்ப் அறைக்கு அடுத்தாற்போல ஒரு சின்ன ரைஸ் மில். அதன் முதலாளி எங்களைப் பார்த்து இரக்கப்பட்டு, உள்ளே கூப்பிட்டு டீ கொடுத்தார். பேச்சுத் துணைக்கு ஆள் கிடைத்த சந்தோஷத்தில் அவர் பாட்டுக்குத் தன் கஷ்டத்தைச் சொல்லிக்கொண்டு போனார்.

"உங்களுக்கு இந்தப் பம்பு. எனக்கு அன்னிக்கி இந்த மில்லு. காத்தும் மழையுமா அடிச்சி புளியமரம் லைன் மேல சாஞ்சிடுச்சி இல்ல, அத இழுத்துக் கட்டி கரண்டு வுட்டாங்க. நான் மிசினப் போட்டுட்டு நெல்லக் கொட்றேன், கொட்ன நெல்லு உள்ள போவாம என் மூஞ்சிக்கே திரும்பி வருது! பேய் புடிச்ச மாதிரி. அப்பறம் பாத்தா மிசினு உல்ட்டாவா சுத்திக்கினு இருக்குது. எலக்ட்ரீசன இட்டாந்து ஒயர மாத்திப் போட்டேன், சரியாப் பூட்ச்சி."

மேடம் டீ கிளாஸைக் கீழே வைத்தார். "உங்களுக்கும் பம்புக்கும் ஒரே டிரான்ஸ்ஃபார்மர்தானாங்க?"

"ஒண்ணுதான் மேடம். வேற ஏது?"

நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். கொட்டும் மழையில் கம்பியை இழுத்துக் கட்டியவர்களைக் குறை சொல்ல எனக்கு நாக்கு வராது. ஏதோ இரண்டு கம்பி இடம் மாறிவிட்டது. பம்ப் அறையில் யாரும் ஒயரைத் தொடவில்லை என்பதை நம்பி, மோட்டார் எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று நாங்கள் பார்க்கவே இல்லை. மில்லுக்கு அது அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது. நெல் முகத்தில் அடித்ததே! பம்பு அப்படி யாரையும் அடிக்கவில்லை. தலைகீழாகச் சுற்றினாலும் முடிந்தமட்டும் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு, நல்ல பிள்ளை மாதிரி நடித்துக்கொண்டிருந்தது. கீழூர் உயரத்துக்கு அந்தப் பாதி பலம் போதும். மேலூருக்குப் போதாது.

ஓடிப் போய்ப் பார்த்தோம். எந்தப் பக்கம் சுற்ற வேண்டும் என்று பம்பின் மேல் ஓர் அம்புக்குறி வார்த்திருப்பார்கள். ஏழுமலையின் கிளிப்பச்சைக்கு அடியில் அது சமாதியாகியிருந்தது. நான் சுரண்டி எடுத்தேன். மோட்டாரின் விசிறிப் பக்கம் சுவரை ஒட்டியிருந்தது. மேடம் குனிந்து, சுவர் இடுக்கில் டார்ச் அடித்துக்கொண்டு, "ஒரு தட்டுத் தட்டி நிறுத்துங்க" என்றார். ஸ்டார்ட்டரை ஒரு நொடி அழுத்தி விட்டேன். விசிறி சோம்பல் முறித்துச் சுற்றி நின்றது. அம்புக்கு நேர் எதிர்ப்பக்கம்.

"ஐயா பின்னாடி பாத்தே நடந்துக்கிட்டு இருந்திருக்காங்க" என்றார் மேடம். அவர் குரல் திரும்பி வந்துவிட்டது.

கரண்டை நிறுத்தி, ஃபியூஸைப் பிடுங்கி, இரண்டு ஒயரை இடம் மாற்றி மாட்டினேன். மில்லில் நாங்கள் வைத்துவிட்டு வந்த டீ ஆறியிருக்காது. பம்பு ஓடத் தொடங்கியது. மேலூரில் தண்ணீர் விழுகிறதா என்று பார்க்கக் கோவிந்தன் தன் மகள் செல்வியைத் தொட்டியடிக்கு அனுப்பியிருந்தார். அவர் மட்டும் பம்ப் அறையை விட்டு நகரவில்லை. தான் போனதும் ஏழுமலை எதையாவது திருப்பிவிடுவார் என்ற பயம். மேலூரில் போன் டவர் கிடைப்பது தொட்டியின் உச்சியில் மட்டும்தான். செல்வி ஏணியில் ஏறித்தான் பேச வேண்டும்.

காத்திருந்தோம். குமாரும் வந்து அப்பாவின் பக்கத்தில் நின்றிருந்தான். பம்பின் சத்தம் மட்டும் அறையை நிறைத்தது. கோவிந்தன் தன் போனைக் கையிலேயே வைத்திருந்தார். அது மௌனமாக இருந்தது.

அடித்தது குமாரின் போன்.

அவன் பதறிப்போய் எடுத்தான். பதற்றத்தில் ஸ்பீக்கரில் விரல் பட்டுவிட்டது. "கொட்டுதுய்யா! குழா பிச்சிக்கினு கொட்டுது! எங்கப்பாவாண்ட சொல்லு, இனிமேட்டு உன்ன எதுவும் கேக்கக் கூடாதுன்னு!" என்று செல்வியின் குரல் பம்ப் அறை முழுக்கக் கேட்டது. அதற்குப் பின்னால் தண்ணீர் விழும் சத்தமும் கேட்டது.

ஏழுமலை அப்படியே தரையில் உட்கார்ந்து, துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

கோவிந்தன் குமாரையே பார்த்தார். "பேச்சு வார்த்த இல்லன்னு நான் சொன்னதுக்கு அப்பறமும் என் பொண்ணாண்ட பேசிக்கினுதான் இருந்தியா?"

"தண்ணியப் பத்திதாங்க மாமா பேசுனோம்" என்றான் குமார்.

மேடம் சட்டென்று திரும்பிக்கொண்டு அந்தச் செத்த மீட்டரைத் தீவிரமாக ஆராயத் தொடங்கினார். அவர் தோள்கள் குலுங்கின.

கோவிந்தன் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. தரையில் உட்கார்ந்திருந்த ஏழுமலையின் பக்கத்தில் போய் அவரும் உட்கார்ந்தார். பம்பைப் பார்த்துக்கொண்டே, "பெயின்ட் நல்லாதான் அட்சிருக்கற சம்மந்தி" என்றார். அதைவிடப் பெரிய மன்னிப்பை நான் கேட்டதில்லை.

கல்யாணத்துக்கு எங்களைக் கூப்பிட்டார்கள். மேடத்துக்கு மாலை போட்டார்கள். மேலூருக்குத் தண்ணீர் கொண்டுவந்த மகராசி என்று மைக்கில் சொன்னார்கள். என்னையும் சொல்வார்கள் என்று சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு நின்றேன். கோவிந்தன் என் தோளில் கை போட்டு உறவுக்காரர்களிடம் அறிமுகப்படுத்தினார்: "இவருதான் பாய். நம்ம மோட்டார ரிவர்ஸ்ல ஓட்டுனாரே, அவரு."

நான் அலறினேன். "யோவ், நான் சரி பண்ணவன்யா!"

"ஒயர மாத்துனது நீதான பாய்? நான் கண்ணால பாத்தேனே" என்றார் அவர். மேடத்தைப் பார்த்தேன், ஒரு வார்த்தை சொல்வார் என்று. அவர் இலையில் இருந்த கேசரியைப் பார்த்துக்கொண்டு, "மாத்தினது நீங்கதான பாய்" என்றார்.

அன்றிலிருந்து மேலூரில் எனக்குப் பெயர் ரிவர்ஸ் பாய். கரியாலூர் அருவிக்குக் குடும்பத்தோடு போகும்போது அந்த வழியாகத்தான் போக வேண்டும். டீக்கடையில் நின்றால் யாராவது ஒருவர், "தோ, ரிவர்ஸ் பாய் வர்றாரு, மோட்டார ஆஃப் பண்ணுங்கடா" என்பார். என் பேரப்பிள்ளைகளுக்கு அதில் அவ்வளவு ஆனந்தம்.

இப்போது அந்தப் பம்பை ஓட்டுவது செல்வி. ஏழுமலைக்கு முட்டி வலி வந்ததும் மருமகள் அந்தப் பொறுப்பை ஏற்றுக்கொண்டாள். இளம் பொறியாளர் படம் போட்ட அந்தப் புதிய பேனல் அங்கேயும் வந்துவிட்டது. நல்ல சாமான்தான், நான் குறை சொல்லவில்லை. கம்பத்திலிருந்து வருகிற கரண்ட் வரிசை மாறி வந்தால் அது மோட்டாரை ஓட விடாது. ஆனால் போன வாரம் செல்வி எனக்குப் போன் செய்தாள். மோட்டார் காயில் கருகி, உள்ளே புதுக் கம்பி சுற்றி ரீவைண்டிங் செய்து திரும்பி வந்ததாம். மாட்டிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். பேனலில் பச்சை விளக்கு எரிந்ததாம்.

"அது வர்ற கரண்ட்டப் பாத்துச்சி, சரின்னுச்சி. மோட்டாருக்கு உள்ள ஒயர மாத்திக் கட்டுனா அதுக்கு எப்படிங்க தெரியும்? நான் விசிறியப் பாத்தேன். உல்ட்டாவா சுத்துது. உடனே நிறுத்தி, ஆள இட்டாந்து மாத்திட்டேன்" என்றாள்.

"கெட்டிக்காரிம்மா" என்றேன். "உங்கப்பாகிட்ட சொன்னியா?"

"சொன்னேங்க."

"என்ன சொன்னாரு?"

அவள் சிரிப்பை அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. "பாய் வந்துட்டுப் போனாரான்னு கேட்டாருங்க."